காட்பாடியில் ஒரு கிறிஸ்துமஸ் வான்கோழி: பெல்லட் கிரில் பாதியில் நின்ற காலையின் நிகழ்வு ஆய்வு

வேலூர் காட்பாடியில் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று நடந்தது இது. முழு வான்கோழியைப் பெல்லட் கிரில்லில் புகை போட்டு, மதியம் 22 பேருக்குப் பரிமாறுவதாகத் திட்டம். காலை ஏழு மணிக்குள் கிரில் நின்றுவிட்டது. பறவை பச்சையும் இல்லை, வெந்ததும் இல்லை. அந்த நிலையில் என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதை வீட்டாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்கள் எதுவும் இல்லை. நான் பக்கத்து வீட்டுக்காரன், 14 வருஷம் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தவன். கீழே வரும் நேரமும் வெப்பநிலையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அன்றே குறித்தவை. அன்று தவறு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் நினைவை நம்பாமல் நோட்டையே பார்த்து எழுதுகிறேன்.

பின்னணி

வீட்டுக்காரர் பதினோரு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். கப்பலில் வந்த வீட்டுச் சாமான்களோடு ஒரு பழைய பெல்லட் கிரில்லும் வந்தது. மரத்தூளை அழுத்திப் பென்சில் தடிமனில் செய்த சின்னச் சின்னத் துண்டுகள்தான் பெல்லட். பக்கவாட்டுத் தொட்டியில் கொட்டி வைத்தால், அடியில் இருக்கும் திருகுத் தண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு மின்விசிறி காற்று ஊதும். 1980களில் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் கொண்டுவந்த அமைப்பு இது. மரத்தில் சமைத்தாலும் இது மின்சார அடுப்புதான். கரண்ட் போனால் திருகும் நிற்கும், விசிறியும் நிற்கும். எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்துக்கு நாங்கள் யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

அங்கே இருந்தவரை ஒவ்வொரு நவம்பரிலும் இதே கிரில்லில் வான்கோழி செய்து பழகியவர் அவர். அந்தப் பழக்கமே அன்று கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது என்பது என் எண்ணம். இயந்திரம் அதேதான். ஆனால் மின்சாரம், பெல்லட், பறவை, தட்பவெப்பம் நான்கும் வேறு.

பறவை

வான்கோழி குடியாத்தம் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வந்தது. எட்டு மாதச் சேவல். இங்கே முதல் சிக்கல் அடுப்பில் இல்லை, கறிக்கடையில். வெட்டுகிறவர் பழக்கப்படி, “தோலை உரிச்சிடவா சார்?” என்றார். வேண்டாம் என்றோம். “எத்தனை பீஸ் போடணும்?” ஒன்றும் போட வேண்டாம், முழுசாக வேண்டும் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். வெந்நீரில் முக்கி இறகு பறித்து, வயிற்றுக்கடியில் சின்னதாகக் கீறிக் குடல் எடுத்துக் கொடுத்தார். கருப்பு இறகுப் பறவை என்பதால் தோலுக்குள் முனை முனையாக இறகுக் குச்சிகள் நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்க வீட்டுக்காரரின் மனைவிக்கு ஒரு மணி நேரம் ஆனது. சுத்தம் செய்த பிறகு எடை 6.8 கிலோ.

இந்த எடையை அன்றே யோசித்திருக்க வேண்டும். முழு வான்கோழியைப் புகையில் வேகவைப்பதென்றால் 12 பவுண்டுக்குள், அதாவது ஐந்தரைக் கிலோவுக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. அதைவிடப் பெரிய பறவையின் நடுப்பகுதி 4 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரியைத் தாண்ட அதிக நேரம் எடுக்கும். கிருமி வேகமாகப் பெருகுவது இந்த இடைவெளியில்தான். இதை நான்கு மணி நேரத்துக்குள் கடந்துவிட வேண்டும் என்பது சமையலறைகளில் சொல்லித்தரும் கணக்கு. வீட்டுக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “22 பேருக்குப் பத்தாதே” என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய பறவையை எடுத்தோம். பெரிய அண்டாவில் மட்டன் பிரியாணி தனியாக ஏற்பாடாகியிருந்தது, ஆகவே அந்தக் காரணமும் சரியில்லை.

23ஆம் தேதி காலை வெட்டியது. வெட்டிய அன்றே கறி விறைத்துக் கொள்ளும் என்பதால் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை உப்புத் தடவினோம். கிலோவுக்கு 12 கிராம் என்று கணக்கிட்டு 80 கிராம் கல்லுப்பு பொடித்தது, மிளகு, பூண்டு. வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து ஊறவைக்க ஃபிரிட்ஜில் இடமில்லை. ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, இட்லி மாவை என் வீட்டுக்கு அனுப்பி, பறவையை மட்டும் நுழைத்தோம். கிரில் விஷயத்தில் எத்தனை தவறினாலும் இந்தக் காய்ந்த உப்பு முறை நன்றாகவே வேலை செய்தது. அமெரிக்கக் கடைகளில் விற்கும் உறைந்த வான்கோழிகள் பலவற்றில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். நம்மூர்ப் பறவையில் அது கிடையாது. கொழுப்பும் குறைவு, தசை இறுக்கம், சீக்கிரம் வறண்டுவிடும்.

அடுப்பும் பெல்லட்டும்

கிரில் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார். வோல்ட் சரியாகிவிட்டது. ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை, இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் அதை மாற்றாது. இதன் விளைவு பின்னால் வருகிறது.

பழைய மாதிரி என்பதால் வெப்பத்தைப் பார்த்துத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. லோ, மீடியம், ஹை என்று மூன்றே நிலை. ஒவ்வொன்றிலும் திருகு இத்தனை நொடி சுற்றும், இத்தனை நொடி நிற்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் மீடியத்தில் 225 ஃபாரன்ஹீட், அதாவது 107 டிகிரி வரும் என்பது அவருடைய அனுபவம்.

பெல்லட் இரண்டு மூட்டை வரவழைத்திருந்தார். அதில் ஒன்றை அக்டோபரில் சோதனைக்காகப் பிரித்து, வாயைச் சுருட்டி போர்ட்டிகோவில் வைத்துவிட்டார். இடையில் வடகிழக்குப் பருவமழை முழுக்கப் போயிற்று. நடுவில் ஒரு உறவினர் ராணிப்பேட்டையில் பாய்லருக்கு எரிக்கும் பெல்லட் ஒரு பை கொண்டுவந்து கொடுத்து, “இதுவும் அதே மாதிரிதானே, விலையும் கம்மி” என்றார். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. அதை வேண்டாம் என்று ஒதுக்கியது நாங்கள் சரியாகச் செய்த ஒன்று. பாய்லர் பெல்லட்டில் எந்த மரத்தூள், எந்தத் தொழிற்சாலைக் கழிவு, பிளைவுட் பசை கலந்திருக்கிறதா என்று யாரும் சொல்ல முடியாது. கொதிகலனுக்கு அது பொருட்டில்லை. அந்தப் புகை படிந்த கறியைச் சாப்பிடப்போவது நாம்.

அன்று காலை

அதிகாலை ஆராதனைக்கு வீட்டார் எல்லோரும் போக வேண்டும். கிரில்லைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாலையிலிருந்தே தூறல். கிரில் போர்ட்டிகோவின் வெளிவிளிம்பில், கூரைக்கு அடியில்.

4.25: பறவை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்தது. நெஞ்சில் ஒரு கம்பித் தெர்மாமீட்டர், தொடையில் ஒன்று. இரண்டும் 5 டிகிரி.

4.30: கிரில்லுக்குள் வைத்தோம். மீடியம். வீட்டார் கிளம்பினார்கள்.

5.30: கிரில் 196 ஃபாரன்ஹீட். நெஞ்சு 11 டிகிரி. நல்ல மெல்லிய நீலப் புகை.

6.15: கிரில் 198. நெஞ்சு 19.

இந்த இரண்டு குறிப்புகளையும் திரும்பப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. 198 ஃபாரன்ஹீட் என்றால் 92 டிகிரி. திட்டமிட்டது 107. ஒன்றே முக்கால் மணி நேரம் அதன் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். எண்ணை ஒழுங்காக எழுதினேன், ஹைக்கு மாற்றவில்லை. அவர் அடுப்பு, அவர் சொன்ன அளவு, மெல்ல வெந்தால்தானே புகை ஏறும் என்று நினைத்தேன். புகையும் வாசனையும் பிரமாதமாக இருந்ததால் எல்லாம் சரியாகப் போகிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. ஹோட்டலில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

6.30: வீட்டார் திரும்பினார்கள். பிரியாணி மாஸ்டரும் விறகும் அண்டாவுமாக வந்து கொல்லைப்புறத்தில் அடுப்புக் கூட்டத் தொடங்கினார். ஆம்பூர்க்காரர், எல்லோருக்கும் பாய்.

6.40: கரண்ட் போனது. விசிறிச் சத்தம் நின்றதில்தான் தெரிந்தது. நெஞ்சு 24, தொடை 28.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. கிரில் அதில் இணைக்கப்படவில்லை. பற்றவைக்கும்போது அது சுமார் 300 வாட் இழுக்கும், இன்வெர்ட்டர் தாங்குமோ என்ற பயம். பற்றிக்கொண்ட பிறகு 50 வாட் அளவே போதும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மூடியைத் திறக்காமல் காத்திருந்தோம். விசிறி நின்றால் கிண்ணத்தில் இருக்கும் கங்கு குழாய் வழியாகப் பின்னோக்கி ஏறி, தொட்டியில் இருக்கும் பெல்லட்டைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. அதனால் வீட்டுக்காரர் தொட்டியைத் திறந்து உள்ளே கைவிட்டுச் சூடு பார்த்தார். சூடு இல்லை. கையை வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் பெல்லட் மாவாக ஒட்டியிருந்தது. நல்ல பெல்லட்டை ஒடித்தால் சாக்பீஸ் மாதிரி ‘டக்’ என்று ஒடியும், மேலே ஒரு பளபளப்பு இருக்கும். இது நமுத்துப்போன முறுக்கு மாதிரி பிதுங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

7.10: கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது. திருகு மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகியது, தண்டு அசையவில்லை. ஊறிய பெல்லட் குழாய்க்குள் இறுகிவிட்டது. நெஞ்சு 27, தொடை 31. கிரில்லின் உட்சூடு 130 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியிருந்தது.

7.20: மூன்று வழிகள்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இரண்டு மணி 55 நிமிடம் ஆகியிருந்தது. நான்கு மணி நேரக் கணக்குக்கு 8.25 கடைசி. நான் நோட்டின் அந்தப் பக்கத்தில் 8.25 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டு, மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். அதுவரை நாங்கள் கிரில்லுக்கு என்ன ஆயிற்று என்றே பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் பேச்சு பறவை பக்கம் திரும்பியது.

வீட்டுக்காரர் திருகைக் கழற்றிச் சுத்தம் செய்து தொடரலாம் என்றார். நாலு ஸ்குரூ, அரை மணி நேரம் என்பது அவர் மதிப்பீடு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அரை மணியில் முடிந்தாலும் 7.50. மறுபடி பற்றவைத்துச் சூடேற இருபது நிமிடம். அதே மழைபட்ட பெல்லட்தான் உள்ளே போகும். 27 டிகிரியில் இருக்கும் முழுப் பறவையின் நடு நெஞ்சு பதினைந்து நிமிடத்தில் 60ஐத் தொடாது.

வீட்டுக்காரரின் மாமா ஒருவர், “எத்தனை மணி நேரம் ஆனா என்ன, கடைசில நல்லா கொதிக்க வச்சா எல்லாம் செத்துடும்” என்றார். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் நம்பிக்கை இது. குழம்பைச் சுட வைத்துச் சுட வைத்துச் சாப்பிடும் பழக்கத்திலிருந்து வந்தது. கிருமி சாகும் என்பது உண்மை. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் பெருகும்போது வெளிவிடும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆகவே நேரம் தவறிய கறியைச் சூட்டால் மீட்க முடியாது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்ல நேரமில்லை. “அது எல்லாத்துக்கும் பொருந்தாதுங்க” என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

மூன்றாவது வழியைச் சொன்னது பாய். நடப்பதைக் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். “முழுசா இருந்தாத்தானே சார் லேட்டு? துண்டு போட்டுடுங்க. காலை எங்கிட்ட குடுங்க, தம்ல விட்டுடறேன்.”

கனமான கறி சூடேற எடுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது அதன் தடிமன். நெஞ்சை எலும்பிலிருந்து எடுத்து இரண்டிரண்டாக வெட்டினால் அரைக் கிலோ அளவில் நான்கு துண்டு. அது ஓவனில் முக்கால் மணிக்குள் 60ஐத் தாண்டும். முழு வான்கோழி மேஜைக்கு வராது, அவ்வளவுதான் நஷ்டம். வீட்டுக்காரர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். குழந்தைகளிடம் படமெல்லாம் காட்டி வைத்திருந்தார். அவர் மனைவிதான், “அண்ணா, நீங்க வெட்டுங்க” என்று பலகையை எடுத்துப் போட்டார். 8.25க்குள் எந்தத் துண்டு 60 வரவில்லையோ அது குப்பைக்கு, பேச்சே கிடையாது என்றும் அப்போதே முடிவு செய்தோம். முன்கூட்டியே சொல்லி வைத்தது நல்லதாயிற்று. கடைசி நிமிடத்தில் யாருக்கும் மனசு வராது.

7.35: தொடையும் காலும் பாயின் சின்ன அலுமினிய தேக்சாவில். எண்ணெய் காய்ந்து கொண்டிருந்தது. நான்கு பக்கமும் சிவக்கவிட்டு, கொதிக்கும் தண்ணீர் இரண்டு கரண்டி, மூடி, மூடிமேல் கங்கு.

7.40: நெஞ்சுத் துண்டுகள் 180 டிகிரியில் காய்ந்திருந்த ஓவனில். இறக்கையும் எலும்புக்கூடும் தனிப் பாத்திரத்தில் கொதிக்கப் போயின.

8.05: தொடை 63.

8.15: நெஞ்சில் மூன்று துண்டு 60ஐத் தாண்டியது. தடித்த துண்டு 56.

8.21: அதுவும் 60. நான்கு நிமிடம் மிச்சம்.

8.45: நெஞ்சு எல்லாம் 74. கோழியினத்துக்குப் போதுமான அளவு இது. எலும்பில் முட்டாமல் இரண்டிரண்டு இடத்தில் குத்திப் பார்த்தேன்.

சாப்பாட்டு நேரம்

சாப்பாடு ஒரு மணிக்கு. அதுவரை 60க்கு மேல் வைத்திருக்க வேண்டும். நெஞ்சை ஃபாயிலில் சுற்றி, பெரிய ஹாட்பாக்ஸில், அடியில் கொதித்த எலும்புச் சாறு ஊற்றி மூடினோம். பதினொன்றரைக்கு 63க்கு இறங்கியிருந்தது. சாற்றைக் கொதிக்க வைத்து மாற்றினோம். இப்படி வைத்ததில் ஓரங்கள் வறண்டன. பரிமாறும்போது அதே சாற்றில் நனைத்துக் கொடுத்தோம்.

ருசி எப்படி? நெஞ்சு நன்றாக இருந்தது. இரண்டு மணி நேரப் புகையே தாராளம் என்று தோன்றியது. தோல் மோசம். குறைந்த சூட்டில் அதன் கொழுப்பு உருகாமல் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்காரரின் மனைவி அதை உரித்துக் கடாயில் முறுகலாகப் பொரித்து உப்புத் தூவி வைத்தார், குழந்தைகள் அதை முதலில் காலி செய்தார்கள். காலில் சிக்கல் வேறு. வான்கோழிக் காலின் கீழ்ப்பகுதியில் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் வயதாக வயதாக எலும்பு மாதிரி கெட்டியாகிவிடும். எட்டு மாதச் சேவலில் அவை ஈர்க்குச்சி போல் நின்றன. இரண்டரை மணி நேரம் தம்மில் இருந்தும் கறி இழுபறிதான். குச்சிகளை உருவிவிட்டுக் கறியைப் பிய்த்துப் பிரியாணியோடு வைத்தார் பாய்.

எதிர்பாராத சிக்கல் ஒன்றும் வந்தது. நெஞ்சை அறுத்தபோது ஓரத்தில் அரை விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு. “ரத்தம் தெரியுதே தம்பி, வேகவே இல்ல” என்று பெரியம்மா தட்டைத் தள்ளி வைத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். அது வேகாத சிவப்பு இல்லை. விறகுப் புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு கறியில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறப்புரதத்தோடு சேர்ந்தால் வரும் நிறம், எவ்வளவு வெந்தாலும் போகாது. காலையில் நடந்ததை எல்லோரும் அறிந்திருந்த நிலையில், இந்த விளக்கம் அங்கே எடுபடவில்லை. பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் இருந்தால் தொடாதே என்பதைத்தானே நானும் காலையில் சொன்னேன்.

மேஜையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைக் கொட்டினோம். ஹாட்பாக்ஸில் இருந்தது மட்டும் ஃபிரிட்ஜுக்குப் போனது. அடுத்த மூன்று நாளும் சாப்பிட்ட எல்லோரையும் விசாரித்தேன். யாருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை. இதை வைத்து எங்கள் முடிவு சரி என்று வாதாட வரவில்லை. ஒரு முறை ஒன்றும் ஆகாமல் போவது எதற்கும் ஆதாரம் ஆகாது.

திருகைக் கழற்றியபோது

27ஆம் தேதி இருவரும் உட்கார்ந்து திருகைக் கழற்றினோம். அரை மணி நேர வேலை என்று அவர் சொன்னது இரண்டே கால் மணி நேரம் ஆனது. ஊறிய மரத்தூள் சிமெண்ட் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. ஸ்குரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. பிரிக்காத மற்ற மூட்டையிலிருந்து ஒரு கை பெல்லட் எடுத்து ஒடித்துப் பார்த்தோம். ‘டக்’.

அப்புறம் வெப்பம் குறைந்த புதிர். திருகு மோட்டாரின் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 2 சுற்று என்று இருந்தது. தண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓடவிட்டு, கைக்கடிகாரம் பார்த்து எண்ணினோம். மூன்று நிமிடத்துக்கு ஐந்து சுற்று. தகட்டின்படி ஆறு வந்திருக்க வேண்டும். மாறுமின்சாரத்தில் (ஏ.சி.) ஓடும் இந்த வகை மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60க்கு 50, ஆறுக்கு ஐந்து. ஆக அங்கே ஆறு பங்கு பெல்லட் விழுந்த இடத்தில் இங்கே ஐந்து பங்குதான் விழுந்திருக்கிறது. விசிறியும் அதே அளவு மந்தம். 107 வராமல் 92இல் நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தூறலும் ஈரப் பெல்லட்டும் கொஞ்சம் சேர்த்துக் கெடுத்திருக்கும்.

இரண்டாவது முறை

பொங்கலுக்கு அடுத்த வாரம் மறுபடி செய்தோம். முதலில் வெறும் கிரில்லை ஹையில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். அங்கே 325 வரை போனது, இங்கே 275 ஃபாரன்ஹீட்டில், அதாவது 135 டிகிரியில் நின்றது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த முறை 4.9 கிலோ பெட்டை வான்கோழி. முதுகெலும்பைக் கத்தரித்து எடுத்துவிட்டு, நெஞ்சைக் கையால் அழுத்தித் தட்டையாக விரித்தோம். தடிமன் பாதியாகிவிடும், தோல் முழுக்க மேலே பார்க்கும். கிரில் இன்வெர்ட்டரில். பற்றவைப்பது மட்டும் நேரடி லைனில் செய்து, கங்கு பிடித்ததும் மாற்றிக்கொண்டோம். மாற்றுகிற அந்த ஒரு நிமிடம் விசிறி நின்றாலும் நெருப்பு அணையவில்லை.

வேகமாக எரிந்தால் புகை குறையும். அதற்காக ஒரு பழைய பால்பவுடர் டின்னில் சீமைக்கருவேலம் சிராய் போட்டு, மூடியில் துளையிட்டு, கிரில்லின் ஒரு மூலையில் வைத்தோம். அமெரிக்காவில் மெஸ்கீட் என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்பதும், பாலாற்றில் யாரும் கேட்காமல் முளைத்துக் கிடப்பதும் நெருங்கிய சொந்தக்கார மரங்கள்தான். புகை காரமானது, முக்கால் மணிக்கு மேல் விட்டால் கசக்கும். நாங்கள் நாற்பது நிமிடத்தில் டின்னை எடுத்துவிட்டோம்.

நெஞ்சு 60ஐத் தொட ஒரு மணி 50 நிமிடம். 74 ஆக மொத்தம் இரண்டு மணி 40 நிமிடம். தோல் அப்பளம் மாதிரி ஆகவில்லை என்றாலும் கடிக்க முடிந்தது. இளஞ்சிவப்பு ஓரம் இந்த முறையும் வந்தது. பெரியம்மா தெர்மாமீட்டரைத் தன் எதிரில் குத்தச் சொன்னார். 76. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொண்டார், அதிலும் சிவப்பு ஓரத்தை வெட்டி வைத்துவிட்டார்.

இனி மாற்றுவது

பெல்லட் மூட்டை பிரித்தவுடன் மூடி இறுகும் அரிசி டிரம்முக்குப் போகிறது. சமையல் முடிந்ததும் தொட்டியில் மிச்சத்தை விடுவதில்லை, வழித்து எடுத்துவிடுகிறார்கள். பற்றவைப்பதற்கு முன் ஒரு பெல்லட்டை ஒடித்துப் பார்ப்பது இப்போது அந்த வீட்டுப் பையனின் வேலை.

ஐந்தரைக் கிலோவுக்கு மேல் பறவை வாங்குவதில்லை. ஆள் அதிகம் என்றால் இரண்டு. கிரில்லில் 120 டிகிரிக்குக் குறைவாக இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் ஹைக்குத் திருப்பலாம், கேட்க வேண்டியதில்லை. இதை எனக்காகவே சேர்த்தார்கள். வெளியே எடுத்த நேரத்தையும் அதிலிருந்து நான்கு மணி கழித்து வரும் நேரத்தையும் முதல் வரியில் எழுதுகிறோம், அடுப்பு பற்றுவதற்கு முன்பே. ஓவன் காலியாக, காய வைக்கத் தயாராக இருக்க வேண்டும். அன்று அதில் கேக் தட்டுகள் அடுக்கியிருந்தன, எடுத்து வைக்கவே ஐந்து நிமிடம் போனது.

மோட்டாரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றலாமா என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவசியமாகப் படவில்லை, ஹை போதுமான சூடு தருகிறது. சேவல்தான் கிடைக்கிறது என்றால் கால் இரண்டையும் முதல் நாளே பிரித்துப் பாயிடம் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. அவர் இப்போதே, நாலு மணி நேரம் வேண்டும், பப்பாளிக்காய் அரைத்துப் போட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.